சத்தம் போடாத பேய்கள்: ஒரு குறும்படத்தின் முன்தயாரிப்பு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடத்தில் எல்லோரும் ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். எட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. துறையின் கேமராவைச் சனி, ஞாயிறு மட்டும் தருவார்கள். கதையும் வகையும் நம் இஷ்டம். எங்கள் குழு எடுத்த எடுப்பிலேயே ‘சைக்கலாஜிக்கல் ஹாரர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. பேய்ப்படம் என்றால் மேக்கப், கிராஃபிக்ஸ் என்று செலவு இழுக்கும்; மனம் சம்பந்தப்பட்டது என்றால் ஒரு நடிகையும் ஓர் இருட்டு அறையும் போதும் என்ற கணக்குதான்.

இதே கணக்கோடு கிளம்பும் ஜூனியர்கள் இந்த வருடமும் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஷூட்டிங் இனிமேல்தான். ஆனாலும் இந்த வகைப் படத்தில் பாதி வேலை கேமராவைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று இப்போது நம்புகிறேன்.

முதலில் வந்த கதைகள் எல்லோருக்கும் வருபவை. ஹாஸ்டலில் பூட்டியே கிடக்கும் அறை. கண்ணாடியில் தானாகச் சிரிக்கும் பிம்பம். கடைசியில் ‘அவனுக்குள் இன்னொருத்தன் இருக்கிறான்’ என்று டாக்டர் வந்து விளக்கும் கொலைக்கதை. இந்த மூன்றாவதைக் கேட்டதும் எங்கள் சார், “இதையே எத்தனை வருஷம்ப்பா எடுப்பீங்க?” என்று சிரித்துவிட்டார். வீம்புக்காகப் படிக்கப் போனேன். ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்ற பெயரையே அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1994ல் தன் கையேட்டில் மாற்றிவிட்டது. அந்தப் பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானோர் சின்ன வயதில் கொடுமைகளை அனுபவித்தவர்கள். நிஜத்தில் அடி வாங்கியவர் கையில் படத்தில் கத்தியைக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கதை அதோடு போனது.

கண்ணாடிக் கதை அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. அதற்கு ஓர் ஆய்வே கிடைத்தது. இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி கபூட்டோ 2010ல் வெளியிட்டது. மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, பத்து நிமிடம் தன் முகத்தையே பார்க்கச் சொன்னார். ஐம்பது பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் முகம் பயங்கரமாக உருமாறியதாகச் சொன்னார்கள். சிலருக்கு முன்பின் தெரியாத ஆள் தெரிந்தார், சிலருக்கு மிருக முகம் தெரிந்தது. ஹாஸ்டல் அறையில் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சை முதுகுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்துவிட்டு நாங்களும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே கன்னம் கரைய ஆரம்பித்தது. புருவம் இருந்த இடத்தில் ஒரு குழி. எடிட்டிங் செய்யும் தோழி எழுந்து லைட்டைப் போட்டுவிட்டு, மறுபடி உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அத்தனை பயமுறுத்திய விஷயத்தை ஏன் படமாக்கவில்லை? கேமராவை வைத்துப் பார்த்தோம். திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அந்த உருமாற்றம் நடப்பது பார்ப்பவரின் கண்ணிலும் மூளையிலும். கேமராவுக்கு அது வராது. மேக்கப்போ கிராஃபிக்ஸோ போட்டால் மறுபடி சாதாரணப் பேய்ப்படம். இங்கேதான் எங்களுக்கு ஒரு கேள்வி பிடிபட்டது: இந்தப் படத்தில் கேமரா யாருடைய கண்? நடப்பதை வெளியில் இருந்து பார்க்கிறதா, அவளுக்குள் இருந்து பார்க்கிறதா? இதைத் தீர்மானிக்காமல் இருட்டு அறைக்கு லொகேஷன் தேடுவதெல்லாம் வீண் அலைச்சல்.

கண் என்று யோசிக்கத் தொடங்கியதால்தான் நிஜமான கதையும் கிடைத்தது. ஜெனீவாவில் சார்லஸ் போனே என்று ஓர் இயற்கை அறிஞர் இருந்தார். அவருடைய தாத்தாவுக்கு வயதாகிக் கண் மங்கிப்போனது. புத்தி மட்டும் தெளிவாகவே இருந்தது. ஆனால் அறைக்குள் ஆட்கள் வருவதையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் பார்த்தார். அவை நிஜமில்லை என்பதும் அவருக்கே தெரியும். பேரன் இதை 1760ல் எழுதிவைத்தார். இன்று இந்த நிலைக்குப் பேரன் பெயர்தான்: சார்லஸ் போனே சிண்ட்ரோம். கண்ணில் இருந்து வரும் சேதி குறைந்துபோனால், மூளையில் பார்வைக்கான பகுதி சும்மா இருக்காமல் தானாகவே படங்களை உண்டாக்குகிறது. பைத்தியம் இல்லை. ஆனால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பலர் வெளியே சொல்வதில்லை.

அந்தக் கடைசி விஷயம்தான் படம் என்று எனக்கு உடனே தோன்றியது. பயம் அந்த உருவங்களில் இல்லை. அவற்றை மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் எல்லோரோடும் சாப்பிட்டுத் தூங்குவதில் இருக்கிறது.

கண் மருத்துவமனைக்கு மதுரையில் பஞ்சமில்லை. நண்பனின் அக்கா ஒரு கண் டாக்டரிடம் வேலை செய்கிறார். அவர் மூலம் நேரம் கேட்டுப் போனோம். நோயாளிகளைப் பேட்டி எடுக்கும் ஆசையோடு போனவர்களிடம் டாக்டர் முதல் வார்த்தையாகவே அது முடியாது என்றார். நோயாளி விவரம் எதையும் தர மாட்டேன், கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்றார். அதுவும் நல்லதுக்குத்தான். கதைக்காகக் கேட்டிருந்தால் நாங்கள் அழுகைக் கதையாகத் தேடியிருப்போம். அவரிடம் கேட்டதெல்லாம் ‘எப்படித் தெரியும்?’ என்ற ரகக் கேள்விகள். இந்த மாதிரி ஆராய்ச்சியில் ‘ஏன்’ என்பதைவிட ‘எப்படி’ என்பதுதான் ஷாட்டாக மாறுகிறது.

அவர் சொன்னவற்றில் எங்கள் படத்தையே மாற்றியவற்றைச் சொல்கிறேன். மாகுலா என்று விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம் உண்டு. வயதானவர்களுக்கு அது கெட்டுப்போனால் பார்வையின் ஓரங்கள் தெரியும், நடுப்பகுதி போய்விடும். அதாவது வாசலில் ஒருவர் நிற்பது தெரியும், முகம் தெரியாது. இதைச் சோதிக்க ஆம்ஸ்லர் கட்டம் என்ற, கணக்கு நோட்டு மாதிரி கோடு போட்ட ஒரு தாளைக் காட்டினார். நேர்க்கோடு வளைந்து நெளிந்து தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். அப்புறம், இல்லாத உருவங்கள் வரும்போது அவை மிகத் தெளிவாக, நிஜப் பார்வையைவிடத் துல்லியமாகத் தெரியும் என்று பலர் சொல்வதுண்டு. அவற்றுக்குச் சத்தம் கிடையாது. சில சமயம் கண்ணை வேகமாக இடமும் வலமுமாகத் திரும்பத் திரும்ப அசைத்தால் மறைந்துவிடும்.

எழுந்து வரும்போது ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். உருவம் பேசினாலோ, அது நிஜம்தான் என்று அவர்கள் உறுதியாக நம்பினாலோ வேறு காரணம் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள், மறதிநோயில் ஒரு வகை, எதுவும் இருக்கலாம். படம் எடுக்கிறோம் என்று யாருக்கும் நீங்களே நோய்ப்பெயர் வைக்காதீர்கள் என்றார்.

அப்படி யாருக்கும் பெயர் வைக்கும் எண்ணம் எங்களுக்கும் இல்லை. ஆனால் செல்லூரில் என் அத்தை வீட்டு லைனில் கண் மங்கிய பாட்டி ஒருவர் இருக்கிறார். இளமையில் தறியில் வேலை பார்த்தவர். அவரிடம் பேச்சுக் கொடுத்தபோது டாக்டர் சொல்லிக்கொடுத்த விதத்தில் கேட்டேன்: “கண்ணு மங்குனவங்களுக்கு இல்லாததெல்லாம் தெரியும்னு டாக்டர் சொல்றாரு பாட்டி, அது சகஜமாம். உங்களுக்கு அப்படி ஏதும் உண்டா?” சகஜம் என்ற சொல்லை முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம். ‘பேய் தெரியுமா’ என்று கேட்டிருந்தால் அங்கேயே கதவு சாத்தியிருக்கும்.

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பதைக் காதால் உறுதி செய்துகொண்டார். பிறகு சொன்னார்: “நடு வீட்டுல பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டுச் சின்னப்புள்ளைக வரிசையா நிக்கும்ய்யா. ஒண்ணும் பண்ணாதுக. பேசாதுக. ஜரிகை ஒவ்வொரு இழையும் தெரியும். எம் பேரன் மூஞ்சிதான் தெரியல.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா கோடாங்கியக் கூப்புட்டுருவாகல்ல” என்றார்.

இதைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டோம். என் பேர் வராமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார். கண் டாக்டர் சொன்னதை மருமகளிடமும் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று அத்தையிடம் பொறுப்புக் கொடுத்தோம். ஆராய்ச்சிக்காக ஒருவர் வாயைத் திறக்கவைத்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போவது சரியில்லை.

கதை இப்போது தானாக விழுந்தது. லைன் வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கும் ஒரு பாட்டி. வீட்டு ஆட்கள் எல்லோரும் முகமில்லாத கலங்கலாகத் தெரிகிறார்கள். நடுவீட்டில் நிற்கும் பட்டுப்பாவாடைக் குழந்தைகள் மட்டும் கண்ணைக் கூசும் தெளிவில். பாட்டி கண்ணை இடவலமாக ஆட்டுகிறார், அவர்கள் மறைகிறார்கள். சாப்பிடும்போது பேத்தி அதைப் பார்த்துவிட்டு மிரள்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று பேச்சு கிளம்புகிறது, வாசலில் கோடாங்கியின் உடுக்கைச் சத்தம் கேட்கிறது. கடைசியில் ஒரு மத்தியானம், வீட்டில் யாருமில்லை. குழந்தைகள் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் ஒரு கலங்கிய உருவம் நிற்கிறது. பாட்டி கண்ணை ஆட்டுகிறார். அது போகவில்லை.

கலங்கலாகத் தெரிந்தால் நிஜ ஆள். இந்த விதியைப் பார்வையாளர் அதற்குள் கற்றிருந்தால் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். கற்றிருக்காவிட்டால் படமே இல்லை. எனவே திட்டமிடல் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே போனது.

முதலில் அந்தக் கலங்கலை எப்படிக் கொண்டுவருவது என்று பார்த்தோம். லென்ஸில் நேரடியாக எதையும் பூசக்கூடாது; அது கல்லூரிச் சொத்து, பூசியவன் பரம்பரையே கடன் கட்ட வேண்டியிருக்கும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடியான பழைய யூவி ஃபில்டர் ஒன்றின் நடுவில் மட்டும் வாசலினைத் தொட்டு வைத்தோம். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, அதாவது அபெர்ச்சரை, அகலமாகத் திறந்து வைத்தால் நடுவில் வைத்த பூச்சு படம் முழுவதும் பனிமூட்டமாகப் பரவிவிடுகிறது. நன்றாக மூடினால் நடுவில் நிற்கிறது, ஆனால் அதற்கு வெளிச்சம் ஏகப்பட்டது வேண்டும். லைன் வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் பாய்ச்சினால் அது வீடு மாதிரியே இருக்காது. கடைசியில் ட்ரைபாடில் கேமராவைப் பூட்டிவைத்து, குடும்பத்தினரை ஒருமுறை, குழந்தைகளை ஒருமுறை தனித்தனியாக எடுத்து, எடிட்டிங்கில் மாஸ்க் போட்டு, அதாவது இரண்டிலும் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி, ஒரே படமாகச் சேர்ப்பது என்று முடிவானது. கலங்கலையும் அங்கேயே முகத்துக்கு மட்டும் போடலாம். இதற்கு விலை உண்டு: பாட்டியின் பார்வையில் வரும் எந்த ஷாட்டிலும் கேமரா அசையக்கூடாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் எல்லாம் கையால் பூட்டியிருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் மாறுவதற்குள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஒருவர் நிழல் மற்றவர் மேல் விழாமல் இருவருக்கும் இடம் பிரிக்க வேண்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒத்திகை பார்த்தோம்.

பாட்டியின் பார்வை இல்லாத ஷாட்களில் கேமரா கையில்தான். பேத்தி பக்கம் போனால் படம் லேசாக ஆடும், எல்லாம் தெளிவாக இருக்கும், குழந்தைகள் இருக்க மாட்டார்கள். ஷாட் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ‘பா’ அல்லது ‘பே’ என்று எழுதினோம். இரண்டும் போட முடியாத ஷாட்களை இரக்கமில்லாமல் வெட்டினோம். மாடியில் இருந்து லைன் முழுவதும் தெரியும் அழகான ஷாட் ஒன்று அதில் அடிபட்டது. கேமரா நண்பன் இன்னும் அந்த வருத்தத்தில் இருக்கிறான்.

இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டுக் காட்சியை இருட்டில் எடுத்தால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வரும். ஃப்ரேமுக்குள் எங்காவது ஒரு விளக்கு இருக்கட்டும். எங்களுக்கு சாமி படத்துக்கு மேலே எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு போதுமாக இருந்தது. அதோடு, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள். இல்லாவிட்டால் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் படத்தில் மினுங்கும். பேய் வந்ததால் மினுங்குகிறது என்று சமாளிக்க முடியாது.

பயமுறுத்தும் படத்தில் பாதி சத்தம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் குழுவிலும் ஒருவன் 19 ஹெர்ட்ஸ் விஷயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வகத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைக் கண்டு பயந்தார். அங்கிருந்த ஒரு மின்விசிறி கிளப்பிய, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று 1998ல் எழுதினார். அந்த ஒலியைப் படத்தில் ஒளித்துவைத்தால் எல்லோரும் நடுங்குவார்கள் என்பது நண்பனின் திட்டம். செல்போன் ஸ்பீக்கரில் அதில் ஒரு துளிகூட வெளியே வராது. எங்கள் செமினார் ஹால் ஸ்பீக்கரும் அதற்குச் சளைத்ததில்லை. அதை விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் விட வேண்டியிருந்தது, அதுதான் வலித்தது. 1942ல் வந்த ‘கேட் பீப்புள்’ படத்தில் இரவில் தனியாக நடக்கும் பெண்ணை எதுவோ பின்தொடர்வதுபோல் இருக்கும். பதற்றம் ஏறிக்கொண்டே போகும்போது உறுமல்போல ஒரு சத்தம் பாயும். பார்த்தால் பஸ் வந்து பிரேக் போட்டு நிற்கும். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்பார்கள். திடுக்கிட வைக்கும் எல்லாச் சத்தங்களுக்கும் இது மூதாதை. எங்கள் குழந்தைகளுக்கோ சத்தமே கிடையாது. அவர்கள் தோன்றும்போது ‘டொய்ங்’ என்று இசை போட்டால் டாக்டர் சொன்னதற்கு நாங்களே துரோகம் செய்கிறோம். எனவே அவர்கள் வரும்போது சத்தம் எதையும் சேர்க்கக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் பால் வண்டி, எல்லாம் அப்படியே ஓடும். பயமுறுத்தும் சத்தங்கள் முழுவதும் வீட்டு மனிதர்களுடையவை: சொம்பை வைக்கும் சத்தம், அடுக்களையில் குரலைத் தாழ்த்திப் பேசுவது, உடுக்கை.

அந்தக் கடைசி மத்தியானக் காட்சிக்குச் சுத்தமான அமைதி தேவை. லைன் வீட்டில் அது எங்கே கிடைக்கும்? சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, இந்தப் பக்கம் கிரைண்டர். அத்தைதான் வழி சொன்னார். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, அந்த நாளில் வா என்றார். போய் உட்கார்ந்து ரெக்கார்ட் செய்தோம். காலையில் கரண்ட் போனதும் தெருவில் மோட்டார், டிவி, ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அதுவரை இத்தனை சத்தத்துக்குள் இருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. காக்கை, சைக்கிள் பெல், எங்கோ ஒருவர் இருமுவது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகள் பக்கம் மட்டும் மைக்கைத் திருப்பாதீர்கள். ஷூட்டிங் நாளில் ஃப்ரிட்ஜை அணைக்க நேர்ந்தால் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள்; கிளம்பும்போது சாவியை எடுக்கப் போனால் மறுபடி போட ஞாபகம் வரும். மறந்துபோய் வீட்டுக்காரர் மாவு புளித்துப்போனால் அடுத்த படத்துக்கு வீடு கிடைக்காது.

மற்ற ஏற்பாடுகள் எல்லாப் படத்துக்கும் உள்ளவைதான். குழந்தைகள் நடிப்பதால் அவர்கள் ஷாட்கள் எல்லாம் பகலில், அம்மாக்கள் கூடவே. பாட்டியாக நடிக்க நாடகம் போட்ட அனுபவமுள்ள ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்ணை அப்படி ஆட்டிக்கொண்டே இருந்தால் தலை சுற்றும் என்பதால் அந்த ஷாட்களை ஒரே மூச்சில் எடுக்காமல் பிரித்துப் போட்டிருக்கிறோம். உடுக்கை அடிக்கப்போகும் நேரத்தை லைனில் எல்லா வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிஜமாகவே குறி கேட்க ஆள் வந்துவிடும்.

உண்மையில் பயன்பட்டது போட்டோ ஸ்டோரிபோர்ட். படம் வரையத் தெரிந்தவர் எங்களில் யாருமில்லை. எனவே நாங்களே பாவாடைக்குப் பதில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டையும் செல்போனில் எடுத்து, வரிசையாக ஒட்டி, வசனத்தை மேலே பேசி ஓடவிட்டோம். மெஸ்ஸில் கதை தெரியாத பையன்களிடம் காட்டினோம். கடைசிக் காட்சியில் பயப்படுவார்கள் என்று பார்த்தால், “யாரு ப்ரோ அது, ஃபோகஸ் போயிருச்சா?” என்று கேட்டான் ஒருவன். இத்தனை பேசியும் எங்கள் விதி அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

அதனால் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி சேர்த்தோம். பேரன் பள்ளியில் இருந்து வந்து பாட்டி முன்னால் நிற்கிறான். முகம் கலங்கல். “யாருடா, பெரியவனா சின்னவனா?” என்கிறார் பாட்டி. அவன் சிரித்துக்கொண்டே பாட்டியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைக்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு குழந்தை, ஜரிகை இழை இழையாக. பாட்டி கண்ணை ஆட்டுகிறார், குழந்தை இல்லை, பேரன் அப்படியே நிற்கிறான். விளக்க வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. மறுபடி வேறு கும்பலுக்குக் காட்டியபோது கடைசியில் ஒரு பெண், “ஐயோ, வீட்டுல யாருமில்லையே!” என்றாள். அன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் டீ எங்கள் செலவு.

படத்தின் முடிவில் அந்த நிலையின் பெயரை எழுத்தில் போடுவதா என்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. போட்டால் மர்மம் போய்விடும் என்றான் கேமரா நண்பன். போடாவிட்டால் கோடாங்கி சொன்னதுதான் சரி என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்றேன் நான். படம் முடிந்து, பெயர்கள் ஓடி முடித்த பிறகு இரண்டு வரி: கண் மங்கியவர்களுக்கு இப்படித் தெரியலாம், கண் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. சாரும் இதற்குச் சம்மதித்துவிட்டார்.

இப்போது மிச்சமிருக்கும் சண்டை, அந்தக் கலங்கிய உருவத்தை எத்தனை விநாடி வைத்திருப்பது என்பதுதான். தோழி பத்து விநாடி போதும் என்கிறாள். பாட்டி கண்ணை ஆட்டி, நிறுத்தி, மறுபடி ஆட்டும்வரை வெட்டக்கூடாது என்பது என் கட்சி. எடிட்டிங்கில்தான் இது தீரும். அதனால் அந்த ஷாட்டை மட்டும் ஒரு முழு நிமிடத்துக்கு நிறுத்தாமல் எடுத்து வைப்பது என்று ஷெட்யூலில் எழுதியாகிவிட்டது. அந்த ஒரு நிமிடமும் அசையாமல் நிற்கக்கூடிய ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.